பகலில் எடுத்த இரவு

இறந்து ஓராண்டு முடிந்திருந்த தெல்மா பார்ஜிட்டர், 1961 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, தன் பெற்றோர் வீட்டு வேலிக்கதவருகே வந்து நின்றாள். சினிமாவில் கடைசியாக உடுத்தியிருந்த வெள்ளை இரவு அங்கியைத்தான் அப்போதும் உடுத்தியிருந்தாள். அவள் நின்ற இடத்தில் மட்டும் இரவாக இருந்தது. வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு அகலத்துக்கு நீலம் கலந்த இருட்டு. அதற்கு வெளியே தேம்ஸ் கரையில் வழக்கமான வெயில், வழக்கமான வாத்துகள். ரொட்டி கொண்டுவந்தவர் அவளைக் கடக்கும்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். இருட்டு காலணியில் பட்டுவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார், அவ்வளவுதான்.

அந்த இரவு எங்கிருந்து வந்தது என்று ஹார்ல்டன் ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆற்று வளைவில் இருந்த பழைய மாளிகையை ஒரு சினிமாக் கம்பெனி வாங்கி, போர் முடிந்து சில ஆண்டுகளில் அங்கே பேய்ப்படங்கள் எடுக்கத் தொடங்கியிருந்தது. ராத்திரியில் விளக்குப் போட்டு எடுப்பது கட்டுப்படியாகாது என்பதால், கேமராக் கண்ணில் நீலக் கண்ணாடியை மாட்டி நட்டநடுப் பகலிலேயே இரவை எடுத்துக்கொள்வார்கள். ஊரில் பாதிப் பேர் அந்த இரவில் தீப்பந்தம் தூக்கிக்கொண்டு கோட்டையை நோக்கி ஓடியவர்கள்; இடையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஓடுவார்கள். மாளிகையில் இருந்த ஒரே மாடிப்படி ஒரு படத்தில் கோட்டைக்குள் இருக்கும், அடுத்ததில் கிறுக்கு விஞ்ஞானியின் வீட்டில், அதற்கடுத்ததில் மடாலயத்தில். குதிரை வண்டி ஒரே குளத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் ஒரு மலைநாட்டைக் கடந்ததாகக் கணக்கு. கல்லறைக் கற்கள் தக்கையால் ஆனவை. காற்றடித்த மறுநாள் தோட்டக்காரர் அவற்றை வேலியோரம் பொறுக்கிவந்து நடுவார். கதை மட்டும் மாறாது. வெளியூரான் ஒருவன் விடுதிக்கு வந்து கோட்டைக்கு வழி கேட்பான், விடுதி சட்டென்று அடங்கிப்போகும், யார் தடுத்தும் கேளாமல் போவான், ஒரு பெண் கடிபடுவாள், கடைசி ரீலில் ரத்தக்காட்டேரிப் பிரபு வெயில் பட்டோ நெஞ்சில் மரமுளை இறங்கியோ சாம்பலாவான். படம் ஓடியிருந்தால் மறு ஆண்டு எழுந்துவிடுவான்.

தெல்மாவின் அப்பா பெர்சி அங்கே மதகுக்காரர். மேலாற்றிலிருந்து கீழாற்றுக்குப் படகுகளை இறக்கும் மதகு அது. முன்னும் பின்னும் கனத்த மரக்கதவுகள், நடுவில் தொட்டி போல நீர். மதகுக்கும் அணைக்கும் இடைப்பட்ட சின்னத் தீவில் அவர்கள் வீடு. பெர்சி மெதடிஸ்ட் கோயிலில் முன்வரிசையில் உட்கார்பவர், அதிகம் பேசாதவர். சிறுவயதில் சுவரில் நிழல் நீளும் ஊமைப்படங்களை ஒன்றிரண்டு பார்த்து, போர்வைக்குள் புகுந்து படுத்தவர். அந்தக் காலத்தில் ரத்தம் கறுப்பாக இருந்தது, அதனால் மையென்று நினைத்துக்கொள்ள முடிந்தது. ஹார்ல்டன் மாளிகைக்காரர்கள்தான் அதைச் சிவப்பாக்கினார்கள். உண்மை ரத்தத்தைவிடச் சிவப்பாக, கடை மிட்டாய் போல. அவர் மனைவி எனிட்டுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. விடுதி அடங்கிப்போகும் காட்சியில், கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்ளும் விடுதிக்காரி அவள்தான். ஆண்டுதோறும் அதே மேசைக்குப் பின்னால் நின்று, அதே கோப்பையைத் துடைத்து, 'கோட்டை' என்ற சொல்லைக் கேட்டு அதே மாதிரி வெளிறுவாள்.

அம்மாவுக்குக் காபி கொண்டுபோன இடத்தில் தெல்மாவை டைரக்டர் பார்த்தார். பத்தொன்பது வயது, நீளக் கழுத்து. கடிபடும் பெண்ணாகப் போட்டார்கள். படம் வெளிவந்தபோது, கழுத்தில் சிவப்பு வழிய அவள் சாய்ந்து கிடக்கும் சுவரொட்டியைக் கோயிலுக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள். பிரசங்கம் முடிந்து வெளியே வந்த ஆண்கள் அதையும் பார்த்துப் பெர்சியையும் பார்த்தார்கள். அன்று மதியம் சமையலறையில் பெர்சி தன் வாழ்நாளிலேயே அதிகமாகப் பேசினார். கடைசியாகச் சொன்னது இது: "போ. நானாக் கூப்பிட்டாலொழிய இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத."

தெல்மா மிதிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வைராக்கியத்தில் அப்பாவுக்கு மகள் தப்பாமல் பிறந்திருந்தாள். சில வாரம் கழித்து அவளுக்குத் தலைவலியும் காய்ச்சலும் என்று எனிட் வந்து சொன்னாள். "ஞாயித்துக்கிழமை போய்க் கூப்பிட்டுக்கிட்டு வரேன்" என்றார் பெர்சி. மூளைக்காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள்.

மறு ஆண்டு பிரபுவை எழுப்ப முடிவெடுத்தார்கள். கல்லறைச் சாம்பல்மேல் கோழி ரத்தம் சொட்டும் முதல் காட்சியை எடுக்கத் தொடங்கிய அதே நேரத்தில்தான் தெல்மாவும் வந்து நின்றாள். பிரபு எழுந்தால் அவன் கடித்தவர்களும் எழுவார்கள் என்பது பேய்ப்பட விதி. ஓடும் நீரைக் கடக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் இரண்டு கதவும் மூடியிருந்தால் மதகுக்குள் நீர் ஓடுவதில்லை. அன்று மூடியிருந்தது, கதவின்மேல் இருந்த நடைபலகையில் நடந்து வந்துவிட்டாள்.

எனிட் ஈரக்கையோடு ஓடிவந்து வேலிக்கதவைத் திறந்தாள்.

"உள்ள வா தெல்மா. உள்ள வாடி கண்ணு."

தெல்மா அசையவில்லை. அழைக்காமல் நுழையக் கூடாது என்ற விதி எல்லாக் காட்டேரிகளுக்கும் உண்டு. இவளுக்கு அது யார் அழைக்க வேண்டும் என்பதுவரை தீர்மானமாகியிருந்தது.

"அப்பா கூப்பிடட்டும்மா" என்றாள்.

எனிட் திரும்பிப் பார்த்தாள். பெர்சி மதகுக் கதவைத் தள்ளித் திறக்கும் நீண்ட உத்தரத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். அவர் உதடு அசைந்ததை அவள் கண்டாள். சத்தம் வரவில்லை. பிறகு ஏதோ படகு மணியடிக்க, அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவர் அழைக்கத்தான் நினைத்தார். வாய்வரை வந்தபோது அந்தச் சுவரொட்டிப் படத்தின் முடிவு நினைவுக்கு வந்துவிட்டது. ஊருக்குத் தெரியாமல் மெய்டன்ஹெட் நகரத்துக்குப் போய், தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டு அந்தப் படத்தை அவர் பார்த்திருந்தார். சந்தேகம் தீர, மறுநாள் ஆப்ரி ஸ்டேனர்டைப் பிடித்தார். ஸ்டேனர்ட்தான் பிரபுவாக நடிப்பவர். நெட்டை மனிதர், சாது, கோரைப்பற்களைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதகருகே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்.

"ஸ்டேனர்ட் சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"நேத்து கால்பந்துல நம்ம ஆளுங்க ஆடின லட்சணத்தப் பத்தின்னா வேண்டாம் பெர்சி. நான் ஏற்கனவே செத்தவன்."

"காட்டேரி கடிச்ச பொண்ணு வீட்டுக்குள்ள வந்துட்டா, அப்புறம் என்னங்க ஆகுது?"

ஸ்டேனர்ட் வேலிக்கதவுப் பக்கம் பார்த்தார். அவளைக் கடித்தவர் அவர்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கதைப்படி கேக்கிறீங்களா?"

"கதைப்படிதாங்க."

"பெத்தவங்களத் தேடி வருவா. அவங்க பாசத்துல கூப்பிட்டுருவாங்க. கூப்பிட்டப்புறம் கதை நிக்காது. கடைசி ரீல்ல ஒருத்தர் முளையும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு அவ படுத்திருக்கிற எடத்துக்குப் போவார்."

"யாருங்க அது?"

"அவமேல உசுரா இருந்தவர்தான். வேற எவன் அடிச்சாலும் தியேட்டர்ல ஒருத்தனும் அழமாட்டான். எழுதறவங்களுக்கு அது தெரியும்."

"வாசல்லயே நின்னுட்டா?"

ஸ்டேனர்ட் யோசித்தார். "கதை நகராது. அப்படிப்பட்ட கதையில நான் நடிச்சதில்ல பெர்சி."

அன்று சாயங்காலம் பெர்சி கொட்டகையில் இருந்த சுத்தியல்களையும், படகு கட்டும் மரமுளைகளையும் வாரி அணைக்குக் கீழே ஆழத்தில் போட்டார். படகு கட்ட இரும்பு வளையங்கள் போதும் என்று ஆற்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். மகளை அழைக்கவில்லை. படப்பிடிப்பு நடந்த வாரங்கள் முழுக்க அவள் தினமும் வந்து நின்றாள். பிரபு சாம்பலான அன்று, மாளிகைப் பக்கம் கைதட்டல் கேட்டதும், அவளைச் சுற்றியிருந்த இரவு தேநீரில் போட்ட சர்க்கரை போலக் கரைந்தது. அவளும் கரைந்தாள். வேலியோரப் புல்லில் அந்த அகலத்துக்குக் கொஞ்ச நேரம் பனி இருந்தது.

அதன்பிறகு அது வழக்கமாயிற்று. ஏறக்குறைய ஆண்டுக்கொரு தடவை கம்பெனி பிரபுவை எழுப்பியது, தெல்மாவும் வந்தாள். எனிட் ஒரு நாற்காலியைத் தூக்கிப்போய் இருட்டுக்குள் போட்டுக்கொண்டு மகளோடு உட்கார்வாள். குளிருக்குச் சால்வை, பகலிலேயே ஒரு லாந்தர். ஊர்க்கதை முழுவதையும் சொல்வாள். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் தொலைக்காட்சி வந்தது, அஞ்சல்காரர் மனைவி யாரோடு போனாள். தெல்மா சிரிப்பாள். அவளோடு படித்தவர்களுக்குக் குழந்தைகள் பிறந்து, அவை தள்ளுவண்டியில் அவளைக் கடந்தன, பிறகு நடந்து கடந்தன, பிறகு சைக்கிளில். அவளுக்குப் பத்தொன்பதுதான். விடுதிக் காட்சி எடுக்கும் நாளில் மட்டும் எனிட் மேக்கப்போடு மாளிகைக்குப் போய்க் கோப்பை துடைத்து வெளிறிவிட்டு, அதே உடுப்பில் ஓடிவருவாள். முதுகு வலிக்கத் தொடங்கிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. நான் நிறுத்தினால் படம் நின்றுவிடும் என்பதுபோல ஒரு பயம் அவளுக்கு.

பெர்சியோடு அவள் பேசுவது குறைந்துபோனது. தேநீர் வைப்பாள், காலுறை தைத்துக் கொடுப்பாள். ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒருமுறை கேட்டுவிடுவாள்.

"ரெண்டே சொல்லு பெர்சி. 'உள்ள வா'. இதுக்கு உன் நாக்கு எழலையா?"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போவார். கல்நெஞ்சுக்காரன் என்று ஊரும் பேசியது. கோயிலில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

எனிட் உண்மையைத் தெரிந்துகொண்டது ஒரு படகுக்காரனால். விறகுப் படகு ஒன்று மதகுக்கு வெளியே நெடுநேரமாகக் காத்துக் கிடந்தது.

"யோவ் பெர்சி, கதவத் தொறக்கிறியா இல்ல நான் இங்கயே குடும்பம் நடத்தட்டுமா?"

"கொஞ்சம் பொறு."

"வருஷா வருஷம் இதே கூத்து. மார்ச் மாசம் வந்தா காலையில ஒரு படகும் விடமாட்டேங்கிற. உள்ள என்ன, அன்னம் முட்டையிடுதா?"

"பொறுன்னேன்ல."

எனிட் நாற்காலியில் இருந்தபடி அதைக் கேட்டாள். எதிரே மூடிய கதவுமேல் தெல்மா வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். கதவு திறந்தால் நீர் ஓடும். நீர் ஓடினால் அவளால் வர முடியாது. இத்தனை ஆண்டுகளாகப் படகுகளை நிறுத்தி, திட்டு வாங்கி, அவள் வருவதற்காக நீரை அசையாமல் வைத்திருந்தவர் அந்தக் கல்நெஞ்சுக்காரர்தான். தெல்மா கரை சேர்ந்ததைப் பார்த்த பிறகே அவர் உத்தரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்.

அன்று எனிட் அவர் எதிரில் உட்கார்ந்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

பெர்சி முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "உள்ள வந்துட்டா கடைசி ரீல் வந்துரும் எனிட். அதுல அடிக்கிறது நானா இருக்கும். ஒரு தடவ அவள நான் கொன்னாச்சு."

"நீ கொல்லல. காய்ச்சல்."

"நான் கூப்பிட்டிருந்தா இங்க இருந்திருப்பா. இங்க இருந்திருந்தா அன்னிக்கே டாக்டரக் கூட்டிட்டு வந்திருப்போம்."

அது உண்மையாக இருக்கலாம் என்று எனிட்டுக்கும் தெரியும். எழுந்து அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள். அப்புறம் எந்த மார்ச்சிலும் அவள் கேட்கவில்லை.

எழுபதுகள் வந்தபோது பிரபுவுக்கு மவுசு குறைந்தது. பட்டணத்துப் பையன்கள் அவன் அங்கியைப் பார்த்துச் சிரித்தார்கள். கம்பெனி அங்கிகளைக் குறைத்து ரத்தத்தைக் கூட்டிப் பார்த்தது, ஆடையைக் குறைத்துப் பார்த்தது, பிரபுவை மோட்டார் காரில் ஏற்றிக்கூடப் பார்த்தது. ஸ்டேனர்டுக்கு வயதாகி, கல்லறையிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த தெல்மா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரத் தொடங்கினாள். 1973 நவம்பரில் எனிட்டின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுக்கையில் கிடந்தபடி, பெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வாசல்ல நிக்க வெச்சதும் ஒரு விதத்துல வெச்சிக்கிட்டதுதான் பெர்சி. நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல. அடுத்த படம் எடுத்தாங்கன்னா நாற்காலிய மட்டும் மறக்காமப் போட்டுரு. நாற்காலி இல்லேன்னா அவ பயந்துருவா."

அவளைப் புதைத்த இடத்தில் நிஜக்கல் வைத்தார்கள். காற்றுக்கு அசையவில்லை.

அடுத்த வசந்தத்தில் கடைசிப் படத்தை எடுத்தார்கள். அது முடிந்ததும் மாளிகையை விற்றுவிடுவதாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெல்மா வந்தாள். பெர்சி முந்தியே நாற்காலியைப் போட்டுவிட்டு மதகுக்குப் போயிருந்தார். அவள் நாற்காலியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், நாள்முழுக்க நின்றாள். மறுநாளும் அப்படியே. எனிட் வரவில்லையே என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை; அவர் சொல்லவும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பாமலே பெர்சி அந்த வாரங்களைக் கடத்தினார். படப்பிடிப்பின் கடைசி நாள் மதியம் அதைத் தாங்க முடியாமல், மதகை உதவியாளிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி மெய்டன்ஹெட் போய், என்ன படம் என்றுகூடப் பார்க்காமல் தியேட்டருக்குள் உட்கார்ந்தார்.

அது அமெரிக்கப் படம். கோட்டை இல்லை, குதிரை வண்டி இல்லை, சிலுவைக்குப் பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோர் வீட்டையும் போல ஒரு வீடு, குளிர்பெட்டி, தொலைபேசி, சமையலறை. அந்தச் சமையலறைக்குள் செத்தவன் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். யார் யாரோ என்னென்னவோ செய்துபார்த்தார்கள். பெர்சி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு முளைக்கும் சுத்தியலுக்கும் காத்திருந்தார். செத்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருக்க, பெயர்கள் ஓடத் தொடங்கி, விளக்குப் போட்டுவிட்டார்கள். பெர்சி எழுந்திருக்கவில்லை. டார்ச்சோடு வந்த பெண் அவர் பக்கத்தில் நின்றாள்.

"படம் முடிஞ்சிருச்சு தாத்தா."

"கடைசி ரீல் போடலையேம்மா."

"போட்டாச்சே. அதுதான் முடிவு."

"அவனுக்கு முளை அடிக்கலையே."

அவள் சிரித்தாள். "எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்பல்லாம் யாரு அடிக்கிறாங்க. பேய் சாகாது. அது பாட்டுக்கு இருக்கும், அப்படியே விட்ருவாங்க."

"எல்லாப் படத்துலயுமா?"

"இப்ப வர்ற எல்லாத்துலயும் அப்படித்தான். எங்கம்மாவுக்குப் புடிக்கல. எனக்குப் பழகிருச்சு."

பெர்சி தொப்பியை அங்கேயே மறந்துவிட்டு ஓடினார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், காய்கறி வண்டிக்காரன் ஒருவனைக் கெஞ்சி ஏறிக்கொண்டார். ஹார்ல்டன் பாலத்தில் இறங்கியபோது மாளிகைப் பக்கம் புகை தெரிந்தது. பிரபுவைச் சாம்பலாக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஆற்றோரப் பாதை முழுவதையும் ஓடினார். தெல்மா வேலிக்கதவருகே காலி நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றியிருந்த இரவின் ஓரம் ஏற்கனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெர்சி மூச்சு வாங்க வீட்டுக்குள் போய், உள்ளிருந்து வாசற்படிக்கு வந்து நின்றார். அழைப்பது உள்ளே இருப்பவனாக இருக்க வேண்டும் அல்லவா.

"தெல்மா," என்றார். பதினான்கு ஆண்டுகளில் அந்தப் பெயரை அவர் சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. "உள்ள வாம்மா. அப்பா கூப்பிடுறேன்."

அவள் வந்தாள். வாசற்படியை மிதித்தாள். அவளோடு இரவும் உள்ளே வந்து, சமையலறைச் சுவர்வரை பரவி நின்றது. மாளிகைப் பக்கம் கைதட்டல் எழுந்து அடங்கியது. பெர்சி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் அங்கேயே இருந்தாள். அலமாரியில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கப்பா?"

பெர்சி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "போயிட்டாம்மா. நவம்பர்ல."

தெல்மா ஒரு கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். "எப்ப வருவா?"

"அவ விடுதிக்காரிம்மா" என்றார் பெர்சி. "விடுதிக்காரிய அடுத்த படத்துல யாரும் எழுப்பறதில்ல."

செத்தவர்கள் அழுவதில்லை என்றுதான் எல்லாப் படங்களிலும் காட்டியிருக்கிறார்கள். அது தவறு. மாலைவரை அவர்கள் இருவரும் அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரி ஆற்றைப் போலக் குளிர்ந்த அவள் கையைப் பெர்சி தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். சூடாகவில்லை. அவர் விடவும் இல்லை.

அதற்கப்புறம் யாரும் முளையோடு வரவில்லை. பெர்சி இன்னும் ஒன்பது ஆண்டு உயிரோடு இருந்து, பகலிலும் இருட்டாக இருந்த அந்தச் சமையலறையில் மகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். கோயிலில் அவருக்குப் பக்கத்து இடம் கடைசிவரை நிரம்பவில்லை, அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் போனபிறகு ஆற்று அலுவலகம், வீட்டில் ஆள் இருப்பதாகக் குறித்துக்கொண்டு, புது மதகுக்காரருக்குச் சற்றுத் தள்ளி வேறு வீடு கட்டிக்கொடுத்தது. புது மதகுக்காரரின் மனைவி கோழி வளர்த்தாள். பழைய வீட்டுச் சமையலறைச் சுவரையொட்டிக் கூண்டு வைத்ததில், கோழிகள் மத்தியானத்திலேயே பொழுது சாய்ந்ததென்று அடைந்துவிட்டன, முட்டை சரியாக இடவில்லை. ஒருநாள் அவள் போய் ஜன்னலைத் தட்டி விவரத்தைச் சொன்னாள். உள்ளேயிருந்த பெண், தன்னால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மதகுக்காரரின் மனைவி கூண்டை மறுகரையில், வெயில் விழும் இடமாகப் பார்த்து மாற்றி வைத்தாள். முட்டை பழையபடி கிடைத்தது.